உயர்சாதி ஆடு

'எதிர்ப்பு' என்ற சொல் இவ்விதழின் வாசகர்களுக்குப் புதியதன்று. மேடையிலும் துண்டுப் பிரசுரத்திலும் நாம் தாராளமாக வழங்கிய சொல் அது. அதன் கனம் குறைந்துபோகும் அளவுக்கு வழங்கிவிட்டோமோ என்றுகூடச் சில வேளைகளில் எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தச் சொல்லை ஓர் ஆட்டின் இரைப்பைக்குள் வைத்து ஆராயவேண்டும் என்று நான் கூறினால், இலக்கணம் படிப்பிக்கும் ஆசிரியனுக்கு இது எதற்கு என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். ஆயினும், ஆட்டை நம்பி வாழும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஒருவனுக்கு, ஆட்டின் வயிற்றுக்குள் நடப்பது பிறர் விவகாரம் அன்று. மார்கழியில் ஆடு செத்தால், தையில் அந்த வீட்டுப் பிள்ளையின் இருக்கை வகுப்பில் வெறுமையாகின்றது.

எனது ஊர் ஆரையம்பதி. மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, காத்தான்குடியை அடுத்து, கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் நிலத்துண்டில் அமைந்தது. ஆரைப்பற்றை என்பது அதன் பழைய பெயர். ஆரைக்கீரை பற்றையாக மண்டிக் கிடந்த இடம் என்பது ஊரார் தரும் விளக்கம். ஆரை ஈரத்தில் வளர்வது. ஆகவே ஊரின் பெயரிலேயே ஈரம் இருக்கின்றது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் காலைச் சுடும். பின்னர் வாடை திரும்பும். ஆண்டு மழையின் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை என்னும் மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். தறி, மீன்பிடி, கூலிவேலை, வெளிநாட்டுப் பணம் என்று ஊரின் பிழைப்பு பல வழிகளில் நடக்கின்றது. இவற்றோடு, வளவின் மூலையில் ஒரு கொட்டில், அதில் இரண்டோ மூன்றோ ஆடு. அவை பெரும்பாலும் பெண்களின் உடைமை. பிள்ளைக்குப் பரீட்சைக் கட்டணமோ, மாமிக்கு வைத்தியச் செலவோ திடீரென்று வந்தால் விற்பதற்கு வீட்டில் வேறு பொருள் இராது.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் எங்கள் கரையை அழித்தது. 2009இல் போர் முடிந்தது. இவ்விரண்டுக்கும் பின்னர் 'வாழ்வாதாரம்' என்ற சொல் எங்கள் பகுதிக்கு வந்து குடியேறியது. தையல் இயந்திரம், கோழிக்குஞ்சு, மீன்வலை, ஆடு எனப் பல உருவங்களில் அது வாகனங்களில் வந்திறங்கும். ஒரு புகைப்படம் எடுக்கப்படும். வாகனம் திரும்பிப் போகும். உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த உதவி இல்லையேல் பட்டினி கிடந்திருக்கக்கூடிய வீடுகள் பலவற்றை நான் அறிவேன். எந்த உதவி, எந்த நிலத்துக்கு, யாரைக் கேட்டு என்பதே வினா.

எங்கள் பெரியம்மா போரில் கணவரை இழந்தவர். 2010இல் ஒரு தொண்டு நிறுவனம் அவருக்கு இரண்டு மறியாடுகளைக் கொடுத்தது. சமுனாப்பாரி இனம், நீண்டு தொங்கும் காது, கிளிமூக்குப்போல் வளைந்த முகம், கன்றுக்குட்டியின் உயரம். "ராசாத்தி மாதிரி நடக்குதுகள் மனே, நம்மட கொட்டிலுக்குள்ள கட்ட வெக்கமாக் கிடக்கு" என்று பெரியம்மா சொன்னது நினைவிருக்கின்றது. 2011 சனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் முழுவதையும் வெள்ளம் மூடியபோது, இரண்டையும் விறாந்தையில் கட்டி, பலாக்குழை ஒடித்துப்போட்டுக் காப்பாற்றினார். வெள்ளம் வடிந்தது. வாவிக்கரையில் இளம்புல் பச்சென்று துளிர்த்தது. அங்கே கொண்டுபோய்க் கட்டினார். மாசியில் ஆடுகள் சோர்ந்தன. கீழ்த்தாடையில் நீர் கோத்துச் சிறு பைபோலத் தொங்கிற்று. ஒன்று செத்தது; சில நாட்களில் மற்றதும் செத்தது. அதே கரையில், அதே புல்லில், அயல்வீட்டுக் குள்ளமான கறுப்பு மறியும் கட்டப்பட்டிருந்தது. அது மெலிந்தது, ஆனால் சாகவில்லை. வைகாசியில் இரட்டைக்குட்டி ஈன்றது.

"அது பெரிய எடத்து ஆடு. நம்மட சேத்துக்குப் பழகல்ல" என்பதே பெரியம்மாவின் தீர்ப்பு.

இரண்டு ஆடு செத்ததைக் கொண்டு ஓர் இனத்துக்கே தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆயினும் 'பெரிய இடத்து ஆடு' என்ற தொடர் என்னை விடவில்லை. நாம் கால்நடைகளைப் பற்றிப் பேசும்போது 'உயர்சாதி மாடு', 'உயர்சாதி ஆடு' என்று சிறிதும் கூசாமல் சொல்கின்றோம். படிவங்களிலும் அவ்வாறே எழுதுகின்றோம். சாதி ஒழிப்பைப் பற்றி மாலையில் முழங்கிவிட்டு வரும் தோழர்கூட, மறுநாட் காலை உயர்சாதிக் கிடாய் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கின்றார். எஞ்சியவை 'ஊராடு'. அதற்கு இனப்பெயர் இல்லை, பதிவேடு இல்லை, விலையும் இல்லை. பெயரற்றிருப்பது யாருடைய தலைவிதி என்பதை இவ்விதழ் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

சமுனாப்பாரியின் பிறப்பிடம் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டம். யமுனையும் சம்பலும் மண்ணை அறுத்தறுத்து உண்டாக்கிய வறண்ட பள்ளங்களும், அவற்றில் வளரும் முட்செடிகளும் அதன் வீடு. பின்னங்கால்களில் நிமிர்ந்து, உயரத்துக் குழையைக் கடிப்பதற்கென்றே அமைந்தது போன்ற உடம்பு. அந்த நிலத்தில் அது யாருக்கும் தாழ்ந்ததன்று. எங்கள் சேற்றில் எங்கள் ஆடு பிழைத்ததனால் இதுவும் உயர்ந்ததாகிவிடவில்லை. உயர்வு தாழ்வு ஆட்டின் குருதியில் இல்லை. ஆட்டுக்கும் அது நிற்கும் நிலத்துக்கும் இடையிலுள்ள உறவில் இருக்கின்றது. அந்த உறவின் நடுவே நின்று தரகு வேலை பார்ப்பது ஒரு புழு.

ஹீமோங்கஸ் கொன்டோர்ட்டஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர். ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழும் வட்டப்புழு. பெண் புழுவின் உடலுக்குள் குருதி நிறைந்த சிவந்த குடலை வெண்ணிறச் சூலகம் முறுக்கிச் சுற்றியிருக்கும். நாவிதர் கடை வாசற் கம்பம்போல என்று மேலைநாட்டார் பெயரிட்டனர். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 வரை முட்டையிடும். முட்டைகள் பிழுக்கையோடு நிலத்தில் விழும். வெப்பமும் ஈரமும் சேர்ந்திருந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றும் பருவத்துக் குடம்பியாகி, மழைநீரோ பனிநீரோ படிந்த புல்லின்மீது அது ஊர்ந்தேறும். அந்தப் புல்லை ஆடு தின்னும். மூன்று வாரத்தில் புழு முதிர்ந்து மறுபடியும் முட்டையிடத் தொடங்கும். வெள்ளம் வடிந்தபின் துளிர்த்த இளம்புல்லும், மாசி மாதத்துச் சாவும் இப்போது வாசகருக்குத் தொடர்பாகத் தெரியும்.

ஒரு புழு நாளொன்றுக்கு இழக்கச் செய்யும் குருதி சுமார் 0.05 மில்லிலீற்றர். அற்பம் என்று தோன்றும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லிலீற்றர். 20 கிலோகிராம் எடையுள்ள ஆட்டின் உடம்பில் ஓடும் குருதி ஏறக்குறைய 1.4 லீற்றர். அதாவது ஒரு மாதத்துக்குள் தன் முழுக் குருதியளவையும் ஆடு புழுவுக்குக் கொடுத்துவிட்டு, உயிரோடு நிற்பதற்காகப் புதுக் குருதியைச் சுரந்துகொண்டே இருக்கவேண்டும். சுரண்டலுக்கு உவமை தேடி அட்டையையும் மூட்டைப்பூச்சியையும் திரும்பத் திரும்ப எழுதும் கவிஞர்களுக்கு இப்புழுவை நான் சிபாரிசு செய்கின்றேன்.

நிற்க. ஒரே புல்லைத் தின்ற ஆடுகளுள் ஒன்று சாக, மற்றொன்று ஏன் பிழைக்கின்றது?

இவ்வினாவுக்கு அடிப்படையான விடை ஒன்றைத் தந்தவர்களுள் ஒருவர், நம் அணியினருக்கு அந்நியரல்லர். பிரித்தானியக் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர், 'டெய்லி வேர்க்கர்' ஏட்டில் தொழிலாளருக்காக விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர், ஜே. பி. எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்கு வந்து குடியேறி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். 1949இல் 'நோயும் பரிணாமமும்' என்ற பொருளில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பசியும் குளிரும் கொடிய விலங்குகளும் மட்டுமல்ல, நோயும் ஒட்டுண்ணியும் உயிரினங்களைச் செதுக்கும் உளி என்பது அதன் சாரம். ஓர் ஒட்டுண்ணி, தான் அதிகமாகச் சந்திக்கும் உடலமைப்புக்கே தன்னைப் பழக்கிக்கொள்கின்றது. ஆதலால் கூட்டத்தில் அரிதாயுள்ள அமைப்பு அதற்குத் தப்பிவிடுகின்றது. அரிதானது பெருகிப் பொதுவானதும் ஒட்டுண்ணி அதற்கும் பழகும். அப்போது வேறோர் அரியது தப்பும். இக்கருத்தின்படி, ஒரு கூட்டத்தின் காவல் அதன் தூய்மையில் இல்லை, அதன் வேற்றுமையில் இருக்கின்றது. எல்லா ஆடும் ஒன்றுபோலிருக்கும் மந்தைக்குள் ஒரு பூட்டுத் திறந்தால் எல்லாக் கதவும் திறந்துவிடும்.

இதனை நம் வாசகருக்குச் சொல்லும்போது ஒரு கசப்பான செய்தியையும் சேர்த்தே சொல்லவேண்டும். பரம்பரையலகு என்ற கருத்தையே முதலாளித்துவக் கட்டுக்கதை என்று ஒதுக்கிய லைசென்கோவின் கொள்கை, 1948 ஆகத்தில் சோவியத் விவசாய அக்கடமியின் மாநாட்டில் அரசாங்கக் கொள்கையாயிற்று. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, உலகெங்கும் அலைந்து பயிர்களின் வேற்றுமைகளைச் சேகரித்த வவிலோவ் சரத்தோவ் நகரச் சிறையில் இறந்துபோனார். உழவனின் விதைப்பெட்டியில் எத்தனை பரம்பரைகளின் உழைப்பு உறங்குகின்றது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் அரியர். ஹால்டேன் கட்சியை விட்டு விலகியதற்கும் இந்த விவகாரமே பெருங்காரணம். இதை மறைத்துவிட்டு விஞ்ஞான நோக்கைப் பற்றி மாணவரிடம் பேச எனக்கு நா எழுவதில்லை.

ஆட்டின் எதிர்ப்பு ஒரு தனிப் பரம்பரையலகில் அடங்கியதன்று. உடலுக்குள் வந்தது தன்னதா அந்நியமா என்று அடையாளங் காட்டும் மூலக்கூறுகளை ஆக்கும் அலகுகள், பிறபொருளெதிரியின் அளவை ஏற்றி இறக்கும் அலகுகள், இரைப்பைச் சுவரின் சளியைத் தடிப்பாக்குபவை எனப் பல அலகுகள் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஆக்குவது அது. ஆடுகளிடையே முட்டை எண்ணிக்கையில் காணப்படும் வேறுபாட்டில் பரம்பரையால் வருவது ஏறக்குறைய 10 முதல் 30 வீதம் என்று வெவ்வேறு மந்தைகளில் நடந்த ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. எஞ்சியது தீனி, வயது, மழை, ஈன்ற காலம் ஆகியவற்றின் கை. பாலூட்டும் மறியில் எதிர்ப்புத் தளர்ந்து முட்டை பெருகும். உடம்பிலுள்ள சத்தெல்லாம் குட்டிக்குப் போகின்றது. பெண்ணாகப் பிறந்தவர்கள் இதை ஆய்வின்றியே அறிவார்கள்.

10 வீதமோ 30 வீதமோ சிறிதுதானே என்று கருதவேண்டாம். அது போதும் என்று காட்டிய இடங்களுள் ஒன்று தமிழனுக்குத் தொடர்புள்ளது. கரீபியன் கடலிலே குவாதலூப் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கின்றது. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியவர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலை நிறுத்தினார்கள். 1854 முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் அங்கு கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். மொழியை இழந்தார்கள், மாரியம்மனை இழக்கவில்லை. 'மாலியமேன்' என்று பெயர் திரிந்துபோன அந்தத் தாய்க்கு இன்றும் அங்கே கிடாய் வெட்டுகின்றார்கள். அந்தக் கிடாய் பெரும்பாலும் கிரியோல் ஆடு. குடியேற்றக் காலத்துக் கப்பல்களில், பெரும்பாலும் ஆபிரிக்காவிலிருந்து வந்திறங்கி, நூற்றாண்டுகளாக அந்த ஈரவெப்ப மண்ணில் புழுவோடு மல்லுக்கட்டிய சிற்றுருவ ஆடு. அடிமையும் கூலியும் வளர்த்த ஆடு என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

பிரெஞ்சு விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தத் தீவில் அதே ஆட்டை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். குட்டிகளின் பிழுக்கையிலுள்ள முட்டைகளை எண்ணி, எண்ணிக்கை குறைந்தவை யாருடைய பிள்ளைகள், மிகுந்தவை யாருடைய பிள்ளைகள் என்று வம்சாவளி எழுதிப் பார்த்தனர். வேறுபாடு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் குட்டிக்கு இறங்குவது உறுதியாயிற்று. எதிர்ப்புள்ள வழி, எதிர்ப்புக் குன்றிய வழி எனக் குட்டிகளை வேறுபடுத்தி, புழு புகும்போது அவற்றின் உடம்புக்குள் நடப்பதை ஒப்புநோக்கவும் முடிந்தது. எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது, ஒரே இனத்துக்குள்ளேயே, ஒரே பட்டிக்குள்ளேயே இந்த வேறுபாடு கிடக்கின்றது என்பதே. கென்யாவின் கரையோரத்தில் நடந்த ஆய்வில், கிழக்காபிரிக்கச் சிற்றாடு பருத்த கல்லா ஆட்டைவிடப் புழுவை நன்றாக எதிர்த்தது. அங்கேயே செம்மறிகளில், செம்மசாய் என்னும் நாட்டினம், பருமனுக்காகக் கொண்டுவரப்பட்ட டோர்ப்பரைவிட ஈரநிலத்தில் பன்மடங்கு பயன் தந்தது. வறண்ட மேட்டில் அந்த மேன்மை அவ்வளவாக இல்லை. இதற்கிடையே டோர்ப்பரோடு கலந்து கலந்து கலப்பற்ற செம்மசாய் அருகிப் போயிற்று.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். புழுவை உடம்பில் தங்கவிடாமலும் முட்டையிட விடாமலும் செய்வது எதிர்ப்பு. புழுவை வைத்துக்கொண்டே வாடாமல் நிற்பது தாங்கும் ஆற்றல். இரண்டும் வேறு. தாங்கும் ஆடு தனக்கு நல்லது. ஆனால் அது பிழுக்கையோடு முட்டைகளைப் பொதுப்புல்லில் சொரிந்துகொண்டே திரிகின்றது. அடுத்த வீட்டு ஆடு அதைத் தின்கின்றது. எதிர்க்கும் ஆடோ தன்னை மட்டுமன்றித் தன் அயலாரையும் காக்கின்றது. சகிப்புத்தன்மையைச் சிறந்த பண்பென்று நாம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுக்கும்போதெல்லாம் இந்த வேறுபாடு எனக்கு நினைவுக்கு வருகின்றது.

மருந்து இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றது. 1961இல் தையாபெண்டசோல் வந்தது. புழு தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். 1964இல் அமெரிக்காவிலிருந்து அம்மருந்துக்கு அசையாத ஹீமோங்கஸைப் பற்றிய செய்தி வந்தது. 1981இல் ஐவர்மெக்டின் விலங்குகளுக்காக விற்பனைக்கு வந்தது. மனித குலத்துக்கும் அது செய்த நன்மை பெரிது. அதைத் தந்த காம்பெல், ஓமுரா இருவருக்கும் 2015இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஆட்டுப் புழு அதற்கும் சில ஆண்டுகளில் ஈடுகொடுத்துவிட்டது. வேற்றுமை ஆட்டுக்கு மட்டும் உரியதன்றே. நாளுக்கு ஆயிரக்கணக்கில் பிறக்கும் புழுக்களுள், மருந்துக்குத் தப்பும் ஒன்று எங்கோ இருந்துகொண்டுதான் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்தைப் புகட்டினால், தப்பிய அந்தப் புழுவின் பிள்ளைகளுக்கே மேய்ச்சல் நிலம் முழுவதையும் உறுதி எழுதிக் கொடுத்தவர்களாவோம். போதாக்குறைக்கு, செம்மறியைவிட வெள்ளாட்டின் உடம்பு மருந்தை விரைவாகச் சிதைத்துவிடும். செம்மறிக்குரிய அளவு அதற்குப் போதாமற் போவதுண்டு. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் எங்கள் ஊரில் ஒருவருக்குரிய மருந்தை மூவர் பங்கிட்டதைக் கண்டேன். பங்கிட்டு உண்பதைப் புகழும் மரபில் வந்தவர்கள் நாம். புழுமருந்தில் மட்டும் அந்த மரபு புழுவுக்கே பயிற்சிப் பள்ளியாகிவிடுகின்றது.

சென்ற மாரியில் எங்கள் பாடசாலை விஞ்ஞான ஆசிரியை ஒரு காரியஞ் செய்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வீட்டு ஆட்டின் பிழுக்கையைக் கொண்டுவரச் சொன்னார். கரைக்கக்கூடியமட்டும் உப்பைக் கரைத்த நீரில் அதை மசித்து வடித்தால் முட்டைகள் மேலே மிதந்துவரும். நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பிள்ளைகள் எண்ணினார்கள். 1939இல் சிட்னி நகரத்து மக்மாஸ்டர் ஆய்வுகூடத்தார் வகுத்த எண்ணும் தட்டு எங்களிடம் இல்லை. சாதாரணக் கண்ணாடித் தகட்டிலேயே பார்த்தோம். ஆகவே எங்கள் எண்களை நான் எங்கும் அச்சிடப் போவதில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் வீட்டில் நின்ற மூன்று ஆட்டில் ஒன்றுக்கு முட்டை எண்ணி மாளவில்லை. மற்ற இரண்டில் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. "சேர், மூண்டும் ஒரு தாய்ப் புள்ளைகள்" என்று அப்பிள்ளை வியந்தாள். உலகெங்கும் பட்டிகளில் கண்ட உண்மை இது. பெரும்பாலான புழுக்கள் மிகச் சில ஆடுகளிலேயே குவிந்திருக்கும். நூற்றுக்கு 20 ஆடுகளில் 80 பங்கு புழு என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த உண்மையைக் கொண்டே தென்னாபிரிக்க மிருக வைத்தியர்கள் ஒரு முறையை வகுத்தனர். ஆட்டின் கீழிமையைப் புரட்டி, உள்நிறத்தை ஐந்து நிறங்கள் அச்சிட்ட அட்டையோடு ஒப்பிடுவது. சிவந்திருந்தால் விட்டுவிடு, வெளிறியிருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடு. மருந்து படாத ஆடுகளில் மருந்துக்குப் பணியும் புழுக்கள் எஞ்சியிருந்து, பணியாதவற்றோடு கலந்து அவற்றின் ஆதிக்கத்தைத் தடுக்கும். எழுத்தறியாதவரும் செய்யக்கூடிய காரியம். நிறத்தை மாதந்தோறும் குறித்துவைத்தால், எந்த மறியின் பிள்ளைகள் ஓயாமல் வெளிறுகின்றன என்பதும் தானே தெரிந்துவிடும்.

ஆயின் எல்லாவற்றையும் பரம்பரையின் தலையில் கட்டிவிட்டு நிலத்தை மறந்துவிடக் கூடாது. வெள்ளாடு இயல்பாகக் குழை கடிக்கும் பிராணி. குடம்பி பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில், நிலத்திலிருந்து சில அங்குல உயரத்துக்குள்ளேயே இருக்கும். பற்றையிலும் மரத்திலும் மேயும் ஆட்டுக்கு அது எட்டாது. அதனாலேதான், புல் மேய்ந்து பழகிய செம்மறியளவுக்குப் புழு எதிர்ப்பு வெள்ளாட்டின் வழியில் வளரவில்லை என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். எங்கள் ஊரில் இன்று பற்றை எங்கே? காணிகள் துண்டாகி மதில்கள் எழுந்துவிட்டன. பூவரசும் கிளுவையும் நின்ற வேலிகள் தகரமாயின. சொந்த வளவில் குழை உள்ளவர் ஆட்டைக் கொட்டிலில் வைத்துக் குழை போடுகின்றார். நிலமற்ற பெண் கயிற்றோடு வாவிக்கரைப் புல்லுக்கும் வீதியோரத்துக்கும் போகின்றாள். கயிற்றின் நீளமே அந்த ஆட்டின் உலகம். தன் பிழுக்கை விழுந்த வட்டத்தையே அது மறுபடியும் மேய்கின்றது. ஆகவே யாருடைய ஆட்டுக்குப் புழு மிகுதி என்பது ஓரளவுக்குக் காணி உறுதியிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

இந்த இடத்தில்தான் ஏழையின் தேர்வு தலைகீழாகின்றது. நல்ல குட்டியை வித்துக்கு வைத்துக்கொண்டு நலிந்ததை விற்பது வசதியுள்ளவன் செய்வது. கடன்காரன் வாசலில் நிற்கும்போது விலைபோவது எது? மாரியைத் தாண்டியும் கொழுத்து நிற்கும் கிடாய்க்குட்டி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் காத்தான்குடியிலிருந்து வாங்க வருபவர்கள் நியாயமான விலை கொடுக்கின்றார்கள். அவர்கள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. பழுதற்ற, மினுங்கும் கிடாயையே அவர்கள் கேட்பார்கள். கோயில் நேர்த்திக்கும் அதுவேதான். புழுவை வென்றதனாலேயே மினுங்கும் அந்தக் கிடாய், பிள்ளை பெறுமுன்னே போய்விடுகின்றது. ஊரில் சினைப்படுத்த எஞ்சி நிற்பது யாரும் வாங்காத ஒன்று, அல்லது உதவித் திட்டத்தில் வந்த உயர்சாதிக் கிடாய்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆட்டுக்கொரு பக்கமாக ஒரு கொப்பி எழுதிவருகின்றார்கள். ஆட்டின் பெயர், தாய், தகப்பன், ஈன்ற மாதம், மாதந்தோறும் இமை நிறம். தாயின் பெயர் எல்லாப் பக்கத்திலும் இருக்கின்றது. தகப்பன் என்ற இடம் ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும் வெறுமையாகக் கிடக்கின்றது. அந்தக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு விஞ்ஞான ஆசிரியையும் நானும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் போனோம். இமை வெளிறாத மறிகளின் கிடாய்க்குட்டி ஒன்றைச் சங்கமே விலைக்கு வாங்கி வைத்திருக்கலாம். சொந்தக்காரிக்குப் பெருநாள் விலையையே கொடுக்கலாம். ஒரே கிடாய் நெடுங்காலம் நின்றால் தகப்பனும் மகளும் கூடி மந்தையின் வேற்றுமை சுருங்கிவிடும். ஆகவே இரண்டாண்டுக்கு ஒருமுறை படுவான்கரை ஊரொன்றோடு கிடாயை மாற்றிக்கொள்ளலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலை ஒரு முச்சக்கர வண்டித் தூரந்தான்.

எல்லோரும் தலையசைத்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தார். "எல்லாம் சரிதான் சேர். கிடாய ஆரு வச்சிரிக்கிற? அது பால் தராது, குட்டி போடாது, நிண்ட நிலையில திண்டுகொண்டு நிக்கும். மொச்சை நாத்தம் வேற." அதற்குப் பின் நடந்தது ஒரு மணி நேர வாக்குவாதம். கடைசியில், சினைக்கு வரும் ஒவ்வொரு மறிக்கும் இவ்வளவு என்று கிடாய்க்குத் தீனிக்காசு வைக்கலாம் என்றும், மறி வைத்திருப்பவர்கள் முறைவைத்துக் குழை ஒடித்துக் கொடுக்கலாம் என்றும் எழுதிக்கொண்டோம். கொட்டில் யாருடைய வளவில் என்பது முடிவாகவில்லை. ஐப்பசிக்கு முன்னர் முடிவாகவேண்டும். வாடை திரும்பிவிட்டால் குட்டியைத் தெரிந்தெடுக்க நேரமிராது.